படிக்கும் இடத்துக்கு எவ்வளவு சத்தம் வேண்டும்? புதிதாக விடுதிக்கும் நூலகத்துக்கும் வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போட்டித் தேர்வுக்காகவோ கல்லூரிப் படிப்புக்காகவோ முதன்முதலாக வீட்டை விட்டு வருகிற மாணவர், தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி வகுப்புக் கட்டணம் ஆகியவற்றைப் பற்றிப் பத்துப் பேரிடமாவது விசாரிக்கிறார். எந்தச் சத்தத்தில் தமக்குப் படிப்பு ஓடும் என்பதை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. தம்மையே கேட்டுக்கொள்வதும் இல்லை. முதல் வாரத்திலேயே அந்தக் கேள்வி தானாக வந்து நிற்கிறது. வீட்டில் மிக்ஸி ஓடும்போதும் அசராமல் படித்தவர், நிசப்தமான வாசிப்பறையில் பக்கத்து மேசைக்காரர் பேனாவை அழுத்தி அழுத்தி விடுகிற ஓசையில் சிக்கி, ஒரே பக்கத்தை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பார்.

ஒரு சிறு நகரத்துப் படிப்பகத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அங்கே சன்னலிலிருந்து மூன்றாவதாக ஒரு மின்விசிறி இருந்தது. சுற்றும்போதெல்லாம் 'டக், டக்' என்று தட்டும். அதன் சத்தம் தாங்கவில்லை என்று ஒரு மாணவி வாரம் இரண்டு முறை வந்து சொல்வார். அதே விசிறியின் கீழ்தான் உட்கார வேண்டும் என்று காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து காத்திருப்பார் இன்னொரு மாணவர். மின்பணியாளரை வரவழைத்து அதைச் சரிசெய்த அன்று மாலையே அவர் என் மேசைக்கு வந்து, "ஏன் சார் அதைச் சரி பண்ணீங்க? இப்ப எல்லாரும் குசுகுசுன்னு பேசுறது கேக்குது" என்றார். சத்தம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை வேறு பொருள்கள் கிடக்கின்றன என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

முதல் படி: சத்தங்களை வகை பிரியுங்கள்

'எனக்கு அமைதி வேண்டும்', 'எனக்குச் சத்தம் ஒன்றும் செய்யாது' என்ற இரண்டு பேச்சையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். மூன்று நாள்களுக்கு, படிக்கும்போது கவனம் கலைந்த ஒவ்வொரு முறையும் நோட்டின் ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: 'ஹாரன்', 'கதவு', 'அக்கா போன்', 'டிவி' என்பது போல. நேரமும் குறித்துக்கொண்டால் நல்லது. மூன்றாம் நாள் முடிவில் அந்தச் சொற்களை மூன்று கூறாக்குங்கள். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, மழை போல் மாறாமல் ஓடும் சத்தம் ஒன்று. கதவு அடிபடுவது, ஹாரன், கைபேசி அறிவிப்பு போல் திடீரென்று வெடிக்கும் சத்தம் இன்னொன்று. பேச்சும் பாட்டும் மூன்றாவது.

பெரும்பாலானவர்களின் நோட்டில் மூன்றாவது கூறுதான் நீளமாக இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. 1976-ல் கால், வெல்ஷ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், எழுத்துகளின் வரிசையைக் கண்ணால் பார்த்து நினைவில் வைக்கும் வேலையை மாணவர்களுக்குக் கொடுத்து, பின்னணியில் அவர்களுக்குத் தெரியாத ஜெர்மன் மொழியில் ஒரு பத்தியை ஒலிக்கவிட்டார்கள். பொருள் புரியாத அந்தப் பேச்சே நினைவு வரிசையைக் குலைத்துப் பிழைகளைக் கூட்டியது. பின்னர் வந்த ஆய்வுகள், ஒரே அசை திரும்பத் திரும்ப ஒலித்தால் பாதிப்பு குறைவு, மாறிக்கொண்டே இருக்கும் அசைகள் ஒலித்தால் பாதிப்பு அதிகம் என்று காட்டின. 'க, க, க, க' என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தால் சமாளித்துவிடலாம். 'க, ம, ப, ல' என்றால் ஆண்டுகளையும் சட்டப்பிரிவு எண்களையும் வரிசையாக மனத்தில் நிறுத்துவது கடினம். இதில் சத்தத்தின் அளவு நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய பங்கு வகிப்பதில்லை. தட்டுகிற மின்விசிறியின் கீழ் உட்கார விரும்பிய மாணவர் தம் அறிவுக்கு எட்டியவரை சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்: உரத்த ஆனால் மாறாத ஓசையைக் கொண்டு, மெல்லிய ஆனால் மாறிக்கொண்டே இருக்கும் பேச்சை அவர் மூடிக்கொண்டார்.

பொருள் புரிகிற பேச்சு, படித்துப் புரிந்துகொள்ளும் வேலையை இன்னும் கெடுக்கும். அதிலும் மோசமானது கைபேசியில் பேசுகிறவரின் ஒருபக்கப் பேச்சு. எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்பதை மனம் தானாகவே நிரப்பப் பார்க்கிறது என்பதையும், இரண்டு பக்கமும் கேட்கும் உரையாடலைவிட இது கவனத்தை அதிகம் இழுக்கிறது என்பதையும் 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. "சரி... இல்லம்மா... அப்படியா சொன்னாங்க?" என்பது படிக்கட்டிலிருந்து காதில் விழுந்தபின் அரசமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவும் மண்டையில் ஏறாது.

இரண்டாம் படி: பிடித்ததைக் கேட்காதீர்கள், மதிப்பெண்ணைக் கேளுங்கள்

இதுதான் இக்கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் பகுதி. பாட்டுக் கேட்டுக்கொண்டு படித்தால்தான் தமக்கு ஏறும் என்று சொல்கிற மாணவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் பிடித்த இசை, பிடிக்காத இசை இரண்டையும் வைத்து 2011-ல் செய்த ஒரு சோதனையில், வரிசையை நினைவுகூரும் வேலையை இரண்டுமே ஏறத்தாழ ஒரே அளவில் கெடுத்தன. பாட்டு நம் சலிப்பைக் குறைத்து நாற்காலியில் உட்காரவைக்கிறது என்பது உண்மை. அந்த நேரத்தில் எவ்வளவு உள்ளே போயிற்று என்பது தனிக் கேள்வி. அதை உணர்ச்சியால் அளக்க முடியாது.

ஆகவே உங்களையே சோதித்துப் பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை; எட்டு நாள்களும் பழைய வினாத்தாள்களும் போதும். ஒரே வகையான வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள், உதாரணமாகப் பொதுத்தமிழில் 25 கொள்குறி வினாக்கள். நான்கு சூழல்களை வைத்துக்கொள்ளுங்கள்: நூலக அமைதி, மின்விசிறி போன்ற மாறாத ஓசை, சொற்கள் இல்லாத இசை, மனிதப் பேச்சு கேட்கும் இடம். நாளுக்கு ஒரு சூழல், எல்லா நாளும் அதே வேளையில், 25 நிமிடம். நான்கு நாள் முடிந்ததும் வரிசையைத் தலைகீழாக மாற்றி மறுபடியும் செய்யுங்கள். இல்லாவிட்டால் பழக்கத்தால் கூடிய மதிப்பெண்ணைச் சத்தத்தின் பயனாக எண்ணிவிடுவீர்கள். ஒவ்வொரு நாளும் சரியான விடைகளின் எண்ணிக்கையையும், எடுத்த நேரத்தையும், 'இன்று நன்றாகப் படித்தேனா' என்பதற்குப் பத்துக்கு உங்கள் சொந்த மதிப்பெண்ணையும் குறித்து வையுங்கள். கடைசியில் சரியான விடைகளின் எண்ணிக்கையும் நீங்களே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். என் படிப்பகத்தில் இதைச் செய்து பார்த்தவர்களில் பலருக்கு அவை ஒத்துப்போகவில்லை. ஒரு மாணவி மட்டும் தம் நோட்டை நீட்டி, இசையோடும் இசையில்லாமலும் தமக்கு ஒரே மதிப்பெண்தான் வருகிறது, ஆகவே இசையை விடமாட்டேன் என்று நியாயமாக வாதாடினார். அவரிடம் எனக்கு மறுப்பில்லை.

வேலைக்கு வேலை விடை மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். புதிய பாடத்தை முதல்முறை படித்துப் புரிந்துகொள்வதற்கும் மனப்பாடத்துக்கும் பேச்சொலி இல்லாத இடம் தேவைப்படும். பழகிப்போன திறனறி கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போடுவதற்கும், வரைபடத்தில் ஆறுகளைக் குறிப்பதற்கும், குறிப்புகளைப் படியெடுப்பதற்கும் ஓரளவு சந்தடி கேடு செய்வதில்லை. கட்டுரைக்கு யோசனைகளைத் திரட்டும் கட்டம் வேறு விதமானது. 70 டெசிபல் அளவுள்ள மிதமான சந்தடி, 50 டெசிபல் அமைதியைவிடப் புதிய யோசனைகளுக்கு உதவியது என்றும், 85 டெசிபலில் அந்த நன்மை போய்விட்டது என்றும் 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது. முதன்மைத் தேர்வுக்குக் கட்டுரை எழுதுகிறவர்கள் டீக்கடை மேசையில் குறிப்பெடுத்துவிட்டு, நூலகத்துக்கு வந்து எழுதுவதில் தவறில்லை.

ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாப் இசை ஒலிக்கும்போது, கூச்ச சுபாவமுள்ள உள்முக இயல்பினர் கலகலப்பான வெளிமுக இயல்பினரைவிட அதிகம் தடுமாறினர் என்று 1997-ல் ஒரு சிறிய ஆய்வு கண்டது. பின்னர் வந்தவை எல்லாம் ஒரே விடையைத் தரவில்லை என்பதால், 'நான் உள்முக ஆள்' என்று முத்திரை குத்திக்கொள்வதைவிட எட்டு நாள் சோதனையை நம்புவதே மேல். கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பற்றிய கண்டுபிடிப்பு இதைவிடச் சுவையானது. 'வெள்ளை இரைச்சல்' எனப்படும் மழை போன்ற சீரான ஓசை அவர்களின் நினைவாற்றலைக் கூட்டியது என்றும், அதே ஓசை மற்றப் பிள்ளைகளின் நினைவாற்றலைக் குறைத்தது என்றும் 2007-ல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒருவருக்கு மருந்தாவது அடுத்தவருக்குத் தொல்லையாகலாம் என்பதால், நண்பரின் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் படி: இடத்தைக் காதால் பாருங்கள்

விடுதி அறை பார்க்கப் போகிறவர்கள் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் படிக்கப்போகும் நேரத்திலேயே, அது இரவு ஒன்பது என்றால் இரவு ஒன்பதுக்கே, போய்ப் பாருங்கள். அறையில் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். தண்ணீர் மோட்டார், தெரு முனையில் வேகத்தடை ஏறி இறங்கும் பேருந்து, அடுத்த சுவரின் தொலைக்காட்சி, கீழ்த்தளத்து உணவகத்தின் பாத்திரம் கழுவும் இடம் எல்லாம் அப்போது வெளியே வரும். சாலைப் பக்கத்து அறையைவிடப் பின்பக்கத்து அறை காற்றோட்டம் குறைவாக இருந்தாலும் நான் அதையே பரிந்துரைப்பேன். நியூயார்க்கில் மேம்பால ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில், ரயில் பக்கத்து வகுப்பறைப் பிள்ளைகள் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தது 1975-ல் வெளியானது. தண்டவாளத்தில் ரப்பர் திண்டுகளும் வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகளும் வைத்தபின் அந்த வேறுபாடு மறைந்தது. நம்மால் தண்டவாளத்தை மாற்ற முடியாது. அறையை மாற்றலாம்.

கைபேசியில் டெசிபல் காட்டும் செயலியை இறக்கிக்கொள்வதில் தவறில்லை. அதன் எண் துல்லியமாக இராது. ஒரே கைபேசியால் இரண்டு இடங்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, நம் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டர் வரையுள்ள அமைதி மண்டலத்துக்குப் பகலில் 50, இரவில் 40. ஆடி மாதத்தில் குழாய் ஒலிபெருக்கிக்கு அருகில் அறை எடுத்தவருக்கு இந்த எண்கள் ஆறுதலாக இருக்குமே தவிர உதவியாக இராது. இரவு பத்து மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை. எல்லை மீறினால் காவல்துறையிடம் முறையிடலாம்.

நூலகங்களிலும் தளத்துக்குத் தளம் சத்தம் மாறும். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும், மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் புதிதாகப் போகிறவர்கள், சொந்தப் புத்தகத்தோடு படிக்கிறவர்கள் கூடும் பகுதி, குழந்தைகள் பகுதி, நூல்களைத் தேடி எடுக்கும் தளங்கள் ஆகியவற்றை முதல் நாளிலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட வேண்டும். எழும்பூரில் 1896-லிருந்து இயங்கும் கன்னிமாரா நூலகத்துக்கும், உங்கள் ஊர் மாவட்ட மைய நூலகத்துக்கும் இதே அறிவுரை பொருந்தும். இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது வாசல், மின்தூக்கி, குடிநீர் இயந்திரம், நகல் எடுக்கும் இயந்திரம் ஆகிய நான்கையும் விட்டு விலகுங்கள். சுவரைப் பார்த்து அமரும் மேசையில் ஆள் நடமாட்டம் கண்ணில் படாது. சத்தத்தால் கலைகிறவர்களில் பலர் உண்மையில் சத்தம் வந்த திசையில் தலையைத் திருப்பிப் பார்ப்பதால்தான் நேரத்தை இழக்கிறார்கள்.

பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒலிதான் புத்தகம். திரைவாசிப்பான் மென்பொருளைக் காதில் கேட்டுக்கொண்டோ, நண்பர் வாய்விட்டு வாசிக்கக் கேட்டுக்கொண்டோ படிக்கிறவர்களுக்குப் 'பேசாதீர்கள்' என்ற பலகை கதவை அடைப்பதற்குச் சமம். வாசிப்போருக்கும் கேட்போருக்கும் தனி அறை உண்டா என்று நூலகரிடம் நேரடியாகக் கேளுங்கள். அப்படி ஓர் அறை இல்லாவிட்டால், அது தேவைப்படுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதாவது அவர்கள் கவனத்துக்கு வரும்.

நான்காம் படி: அறைத்தோழரோடு ஓர் உடன்பாடு

சத்தச் சண்டைகளில் பாதி, வாய்விட்டுப் படிக்கிறவருக்கும் மௌனமாகப் படிக்கிறவருக்கும் இடையே நடப்பவை. ஒரு விடுதி அறையின் வாசலில் நின்று நான் கேட்ட பேச்சு இது.

"டேய், கொஞ்சம் மனசுக்குள்ள படிடா."

"மனசுக்குள்ள படிச்சா மனசுல நிக்க மாட்டேங்குதுடா."

"அப்ப எனக்கு எப்படி நிக்கும்? நீ படிக்கிறதுதான எனக்கு நிக்குது!"

இருவர் சொல்வதும் சரி. மௌனமாகப் படித்த சொற்களைவிட வாய்விட்டுச் சொன்ன சொற்கள் நினைவில் நன்றாகத் தங்குகின்றன என்பது 2010-க்குப் பிறகு பல சோதனைகளில் உறுதிப்பட்ட ஒன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் கூட்டாக உரத்துச் சொல்லித்தான் எண்சுவடியையும் நீதிநூல்களையும் உருப்போட்டார்கள். அந்தப் பழக்கம் இன்னும் நம் வீடுகளில் உயிரோடிருக்கிறது. "சத்தமாப் படி, அடுப்படி வரைக்கும் கேக்கணும்" என்று சொல்லி வளர்க்கப்பட்டவர், மௌனமாக இருக்கும்படி சொல்கிற நூலகத்தில் தம் கருவியைப் பறிகொடுத்தவராகிவிடுகிறார்.

அறைக்கு வந்த முதல் வாரத்திலேயே, யாருக்கும் கோபம் வராத ஒரு நேரத்தில், இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். மௌன நேரம் எது, வாய்விட்டுப் படிக்கும் நேரம் எது, கைபேசியில் பேச யார் எங்கே போக வேண்டும், இரவில் அலாரம் எத்தனை முறை அடிக்கலாம் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். மேலே சொன்ன இருவரும் கடைசியில் வந்து சேர்ந்த ஏற்பாடு இது: அதிகாலை ஐந்து முதல் ஆறரை வரை மொட்டை மாடி வாய்விட்டுப் படிப்பவருக்கு, அந்த நேரத்தில் அறை மற்றவருக்கு. இரவில் இருவரும் மௌனம். வாய்விட்டுப் படிப்பவருக்கு இரவில் ஏதாவது உருப்போட வேண்டியிருந்தால் உதட்டை மட்டும் அசைத்தோ, எழுதிப் பார்த்தோ செய்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் இந்த ஏற்பாடு கொஞ்சம் உடைந்தது. மாடிப்படி வளைவில் நின்று சமாளித்தார்கள்.

கேட்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'சத்தம் போடாதே' என்பது குற்றச்சாட்டு. 'எட்டு மணி வரைக்கும் எனக்குக் கணக்கு இருக்கு, அதுக்கப்புறம் நீங்க படிங்கண்ணா' என்பது ஏற்பாடு. மூத்தவர்களிடம் பின்னதுதான் செல்லும். வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கும் இதுவே வழி. தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லித் தாத்தாவிடம் மல்லுக்கட்டுவதைவிட, அவர் பார்க்கும் தொடர் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று தெரிந்துகொண்டு, அந்த நேரத்தில் பேச்சொலி பாதிக்காத வேலையை வைத்துக்கொள்வது எளிது.

ஐந்தாம் படி: கருவிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்வேன், ஏனென்றால் பலர் மேற்கண்ட நான்கையும் விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போய்விடுகிறார்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை இயர் பிளக் மலிவானது, போதுமானது. அதை விரல்களுக்கிடையே மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே வைத்து, விரிந்து நிரம்பும் வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா வாசலில் செருகினால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. அழுக்கானதைத் தூக்கி எறியுங்கள், காதில் சீழோ வலியோ இருந்தால் போடாதீர்கள். இரைச்சலைத் தணிக்கும் ஹெட்போன் பேருந்து எஞ்சின், குளிர்சாதனம் போன்ற தாழ்ந்த, மாறாத ஓசைகளை நன்றாக அடக்கும். பேச்சை அந்த அளவுக்கு அடக்காது. பேச்சுக்குப் பயந்து பெரிய விலை கொடுத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். அதில் மழையோசையை மெல்ல ஓடவிட்டால் பேச்சு ஓரளவு மறையும். ஆனால் அளவைக் கவனியுங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். நாள் முழுவதும் படிக்கிறவருக்கு நான்கு மணி நேரம் ஒரு காலைப் பொழுதில் தீர்ந்துவிடும்.

ஆறாம் படி: கடைசி மாதம் தேர்வுக்கூடத்தின் சத்தத்துக்கு வாருங்கள்

எந்தச் சூழலில் படித்தோமோ அதே சூழலில் நினைவு எளிதாக மேலே வரும். பல்கலைக்கழக உணவகத்தின் மதிய நேர இரைச்சலைப் பதிவு செய்து, ஒரு பிரிவினரை அதிலும் மற்றவர்களை அமைதியிலும் படிக்கவைத்து 1998-ல் ஒரு சோதனை நடந்தது. படித்த சூழலும் தேர்வெழுதிய சூழலும் ஒன்றாக இருந்தவர்கள் மாறியிருந்தவர்களைவிட நன்றாக எழுதினார்கள். தேர்வுக்கூடத்தில் இசை கிடையாது. இதை வைத்துப் பார்த்தால், ஆண்டு முழுவதும் இசையோடு படித்து நல்ல மதிப்பெண் பெறுகிறவரும் கடைசி மாதத்தில் அதைக் குறைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஆனால் தேர்வுக்கூடம் நூலகமும் அல்ல. குரூப் 4 போன்ற தேர்வுகள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வகுப்பறைகளில்தான் நடக்கின்றன. மின்விசிறி தட்டும், காக்கை கத்தும், மணி அடிக்கும், அறைக் கண்காணிப்பாளர் கையெழுத்துக்காக மேசை மேசையாக வந்து நிற்பார், பின்னால் ஒருவர் விடாமல் இருமுவார். முழு நிசப்தத்தில் மட்டுமே படித்துப் பழகியவருக்கு இந்த மூன்று மணி நேரம் பெரும் சோதனையாகிவிடும். ஆகவே கடைசி நான்கு வாரங்களில் வாரம் ஒரு முழு மாதிரித் தேர்வை, 200 வினாக்களையும், காலை ஒன்பதரைக்குத் தொடங்கி, இயர் பிளக் இல்லாமல், சன்னலைத் திறந்துவைத்து எழுதுங்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணாமல் ஒரு தாளை முடிக்க வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அடுத்த வாரம் மறுபடியும் அதே சன்னலோரம் உட்காருங்கள். தேர்வு நாளில் நுரை இயர் பிளக் கொண்டுபோக நினைப்பவர்கள் நுழைவுச்சீட்டில் அச்சிட்டுள்ள அறிவுரைகளை ஒரு வாரம் முன்னதாகவே படித்துவிடுங்கள். வாசலில் சோதனை செய்பவரிடம் அதை விளக்கிக்கொண்டு நிற்க அன்று நேரம் இருக்காது.